மேற்கோள் நாயகர்

உலகெங்கும் வாழும் விஞ்ஞானிகளுக்கும், கல்வியாளர்களுக்கும், பாலாற்றங்கரைப் பெருமக்களுக்கும், செவிலிமேடு நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இயற்பியலை ஒரு தோளிலும் கல்வியியலை மறு தோளிலும் சுமந்து, எட்டாயிரம் முறை உலகத்தாரால் மேற்கோள் காட்டப்பட்ட பேராசிரியர் முனைவர் தாமல் ராஜகோபால் அவர்கள், அறிவுலகம் அவரைத் தேடி அலைந்துகொண்டிருக்கும் இவ்வேளையில், நமது செவிலிமேட்டில்தான் குடியிருக்கிறார்.

அறிவிப்பு ப்ளெக்ஸில் இருந்தது. இடது ஓரம் கோபுரம், வலது ஓரம் அணு, நடுவில் வெள்ளைக் கோட்டு மாட்டிக் கையில் சோதனைக் குழாயோடு பேராசிரியர். இயற்பியல்காரருக்குச் சோதனைக் குழாய் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. உண்மையில் அது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் விளம்பரத்துக்காக ப்ளெக்ஸ் கடைக்காரன் முன்பே வைத்திருந்த உடம்பு. தலை மட்டும்தான் ராஜகோபாலுடையது. கீழே, அவர் தலையைவிடப் பெரிய அளவில், கைகூப்பி நின்றது அவருடைய மைத்துனர் அருளின் தலை. ‘மேற்கோள் நாயகரே! ஆராய்ச்சி டீன் பதவியை அலங்கரிக்க வாரீர்!’

பதவி இன்னும் கிடைக்கவில்லை. அதுதான் சங்கதி. அவர் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் ஆனி மாதத்தோடு அவருக்கு ஓய்வு. டீன் ஆகிவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் நாற்காலி, கார், ஏசி அறை. ஆகாவிட்டால் வீடு. வீட்டில் தேவகி இருந்தாள்.

தேவகி மாகறல் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. விடிகாலையில் எழுந்து இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, புருஷனுக்கு ஒரு ஹாட்பாக்ஸை மூடி வைத்துவிட்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் விடைத்தாள் கட்டுமாக பஸ் ஏறுகிறவள். புருஷன் ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் உட்காரப்போகிறார் என்ற நினைப்பு அவளையும் வாட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த டீன் பதவிக்காக அந்த வீட்டில் உண்மையாக வேண்டிக்கொண்டவள் அவள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ராஜகோபாலின் ஆராய்ச்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கண்ணாடிச் சில்லின் மேல் துத்தநாக ஆக்சைடைத் தெளித்து, சுட்டு, மெல்லிய படலமாக்குவது அவருடைய இயற்பியல். முந்நூறு டிகிரியில் சுட்டது ஒரு கட்டுரை. முந்நூற்று இருபத்தைந்தில் சுட்டது இன்னொன்று. இப்படி முள்ளைத் திருப்பித் திருப்பி, உலை இதற்கு மேல் தாங்காது என்ற இடத்துக்கு வந்ததும், துத்தநாகத்தை விட்டுவிட்டுத் தகரத்துக்கு மாறி மறுபடி முந்நூறிலிருந்து ஆரம்பித்தார்.

கல்வியியல் இன்னும் சுலபம். ‘காஞ்சிபுரம் மாவட்ட மாணவர்களுக்கு இயற்பியல் மீதுள்ள மனப்பான்மை’ என்று ஒரு கட்டுரை. மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்தது. அரசாங்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தை வெட்டிச் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாக அறிவித்த அன்று, ஊரே எந்த ஆபீசுக்கு எங்கே போவது என்று குழம்பிக்கொண்டிருக்க, ராஜகோபால் வீட்டில் மட்டும் கேசரி கிளறச் சொன்னார்.

இந்தக் குப்பைக்கு நடுவே உயிருள்ள கட்டுரை ஒன்றும் இருந்தது. வெளிநாட்டு இதழில் வந்தது. நெசவுக்காரர் தெருக்களில் காலை வெயிலுக்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி நேர் பார்ப்பார்களே, பாவு என்று, அதை வைத்து அலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை. ராஜகோபால் அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்து, முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமும் வைத்திருந்தார். அவர் சொந்தமாகச் செய்தது பெயர் வைத்தது மட்டும். மற்றதெல்லாம் தேவகி மாகறல் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வருஷா வருஷம் செய்து வந்தது. கட்டுரையின் கடைசியில் அவளுக்கு நன்றியும் சொல்லியிருந்தார், ‘தொடர்ந்த உபசரிப்புக்காக’.

எட்டாயிரம் வந்த கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் தொடங்கியது. தாமலிலிருந்து வந்த பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு அவித்துத் தாம்பாளத்தில் கொட்டியிருந்தாள் தேவகி. அருள் காலை மடித்து சோபாவில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தான். தேவகிக்குப் பிறந்த வீடும் தாமல்தான், நிலம் வைத்திருந்த குடும்பம்; இப்போது நிலத்தில் பிளாட்டும் தம்பி அருளுக்குக் கட்சியில் வட்டப் பொறுப்பும் விளைந்திருக்கின்றன.

“மாமா, சைட்டேஷன் சைட்டேஷன்னு பொலம்பிக்கினே கீறீங்களே, அது இன்னா மாமா?”

“ஒருத்தர் எழுதற பேப்பர்ல இன்னொருத்தர் பேரச் சொல்றதுப்பா. இன்ன விஷயத்த இன்னார் கண்டுபுடிச்சாருன்னு.”

“அவ்ளோதானா? நம்ப பேர நாலு பேரு சொல்லணும்.”

“நாலு பேருன்னா நான் ஏன்டா கவலப்படறேன்? தாளாளர் ஆயிரக்கணக்குல கேக்கறாரு.”

அருள் சிரித்தான். “போன மாநாட்டுக்கு லாரி லாரியா ஆள் எறக்கினவன் மாமா நானு. பாதிப் பேருக்குத் தலைவர் மூஞ்சியே தெரியாது. வாழ்கன்னு கத்தினானுங்களா இல்லியா?”

சமையலறையிலிருந்து தேவகியின் குரல் வந்தது. “பிரியாணி போட்ட, கத்தினானுங்க. உங்க மாமா பேப்பருக்கு எவன் கத்துவான்?”

“அக்கா, நீ சும்மா இருக்கா. படிச்சவன் பிரியாணி இல்லாமயே கத்துவான். அவனுக்கு சர்டிபிகேட்டு காட்டினா போதும்.”

“அருளு, இதெல்லாம் ஒழுங்கா வரணும்பா, இயற்கையா இருக்கணும்,” என்றார் ராஜகோபால், வேண்டாம் என்று சொல்லாமல்.

“இயற்கையாவே இருக்கும் மாமா. கூட்டம்னா அப்படித்தான், எங்கேந்து வந்துதுன்னு எவனும் கேக்க மாட்டான்.”

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சத்யராஜ் என்பவன் ஒரு ப்ராஜெக்ட் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். பி.எட்., நர்சிங், வணிகவியல், எதற்கு வேண்டுமானாலும் ஆய்வு ரெடி. பெயர் மட்டும் மாணவர் கொண்டுவர வேண்டும். அருள் அவனிடம் பேசினான். அன்று முதல் அந்தக் கடையிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு ஆய்வின் வாலிலும் ராஜகோபாலின் கட்டுரைகள் மொத்தமாக ஒட்டப்பட்டன. ஒட்டப்பட்டவை இணையத்திலும் ஏற்றப்பட்டன. கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றி எழுதியவள் தகரப் படலத்துக்குக் கடமைப்பட்டாள். கறவை மாடுகளின் கோமாரி நோயை ஆராய்ந்தவன், முந்நூற்று இருபத்தைந்து டிகிரியில் சுட்ட துத்தநாகம் இல்லாவிட்டால் மாட்டின் வாயைத் திறந்தே பார்த்திருக்க முடியாது என்ற தோரணையில் இருந்தான். ஐப்பசி முடிவதற்குள் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தொட்டது. தாளாளர் வீரபாகு போனில் கூப்பிட்டு, “பிரமாதம் சார், உலகமே உங்களப் படிக்குது,” என்றார். அருள் அன்று மாலையே ப்ளெக்ஸ் கட்டினான்.

லாரியில் ஆள் இறக்குவதில் அருளுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு லாரிக்காரனையும் வேறு வேறு பக்கமிருந்து நடந்து வரச் சொல்வான். சத்யராஜுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டான். மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் ஒரே கதவு வழியாக, ஒரே வரிசையில், ஒரே கோஷத்தோடு உள்ளே வந்திருந்தார்கள்.

ஒரு மழை மாலை, சுகாசினி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, லேப்டாப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். மாகறல் டேனியல் கொத்தனாரின் மகள். ராஜகோபாலிடம் ஆராய்ச்சி மாணவி. சாரின் மின்னஞ்சலைப் படிப்பது, பதில் எழுதுவது, மதிப்பெண் ஏற்றுவது, காஸ் புக் பண்ணுவது ஆகியவை அவளுடைய முனைவர் பட்டப் பாடத்திட்டம். அவளுடைய ஆய்வேடு திருத்தத்துக்காக அவரிடம் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

“சார், பாவு பேப்பர் போட்டாங்களே, அந்த ஜர்னல்லேந்து மெயில் வந்திருக்குது.”

“வாழ்த்தா?”

“இல்ல சார். கோமாரி பத்திக் கேக்கறாங்க.”

ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னா கோமாரி?”

“மாட்டு டாக்டருங்க எல்லாம் ஏன் உங்க பேரச் சொல்றாங்கன்னு கேக்கறாங்க சார். அதனால உங்க பேப்பர திரும்ப விசாரிக்கப் போறாங்களாம். வர வெள்ளிக்கிழம வீடியோ கால். நீங்களும் வரணும், அந்தப் பாடம் நடந்த ஸ்கூலு டீச்சரும் வரணும். நம்ப தாளாளருக்கும் ஒரு காப்பி போட்டுக்கீறாங்க.”

தாளாளரின் போனும் பின்னாலேயே வந்தது. அந்த ஒரு வெளிநாட்டுக் கட்டுரை மட்டும் நின்றுவிட்டால் போதும், மற்றதை யார் பார்க்கப் போகிறார்கள், டீன் நீங்கதான் என்றார் வீரபாகு. நிற்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

தேவகி பஸ்ஸில் நின்றபடியே வந்து, நனைந்த புடவைக் கொசுவத்தைப் பிழிந்துவிட்டு, அவரைக்காய் நறுக்க உட்கார்ந்த நேரம் பார்த்து ராஜகோபால் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் தானாக வந்து உட்கார்ந்தாலே அவளுக்குத் தெரியும்.

“ஒண்ணும் இல்ல தேவகி. அஞ்சு நிமிஷ வேல. சார் வந்தாரு, சார் சொல்லிக்குடுத்தாரு, புள்ளைங்க கத்துக்கினாங்கன்னு சொன்னா போதும்.”

“எப்ப வந்தீங்க?”

“சொல்றதுக்கு வரணுமா?”

“மாகறல்ல எங்க பள்ளிக்கூடம் எங்க இருக்குது? கோயிலத் தாண்டியா, கோயிலுக்கு இந்தாண்டயா? அதச் சொல்லுங்க, நான் நீங்க சொல்றதச் சொல்றேன்.”

“இது இன்னா கேள்வி, சின்னப் புள்ளத்தனமா?”

“சின்னப் புள்ளைங்களுக்குத்தாங்க நான் பாடம் நடத்தறேன். அவங்க கேக்கற கேள்விதான் எனக்கு வரும்.”

ராஜகோபால் குரலைத் தாழ்த்தினார். “நன்றியுரைல உன் பேரப் போட்டிருக்கேன் இல்ல?”

“காபி போட்டதுக்கு.”

“உபசரிப்புன்னு மரியாதையாத்தான் போட்டிருக்குது.”

“அந்த அலைய நான் எத்தினி வருஷமா ஆட்டிக்கினு இருக்கறேன், தெரியுமா? சாப்பாட்டு மேசைல நான் வாய் ஓயாம சொன்னதக் கேட்டுக்கினு, ம்ம் ம்ம்ன்னு இட்லிய முழுங்கினு, உள்ளாற போயி எழுதி வெச்சிட்டீங்க. போவட்டும். இப்ப நானே வந்து அது என்னுது இல்லன்னு சொல்லணும்?”

“டீன் கெடைக்கலன்னா ஆடிலேந்து நான் வீட்லதான் இருப்பேன், பாத்துக்க.”

அவள் கையிலிருந்த அவரைக்காய் பாதி நாரோடு நின்றது. அந்த மிரட்டலில் பலம் இருந்தது. ஒரு கணம், காலையும் மாலையும் அந்தக் கூடத்தில் அவர் இருப்பதை அவள் கண்ணால் கண்டாள். அத்தோடு அவர் வாயை மூடியிருந்தால் அவள் இறங்கி வந்திருப்பாள்.

“தேவகி, ஒண்ணு புரிஞ்சிக்க. நீ பண்ணது வெளையாட்டு. நூல இஸ்துப் புடிச்சிக்கினு ஆட்டினா பிசிக்ஸ் ஆயிடுமா? நான் எழுதினதால அது ஆராய்ச்சி. இல்லன்னா அது ரேடியோல சிலோன் ஸ்டேஷன் புடிக்கற மாதிரி ஒரு பொழுதுபோக்கு.”

தேவகி நாரை உரித்து முடித்தாள். அரிவாள்மனையை மடக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ‘ங்க’ என்று கூப்பிட்டு வந்தவள், அதை மட்டும் அவரைக்காய் நாரோடு முறத்தில் போட்டாள்.

“வெள்ளிக்கிழம வரேன். நீ போய் வேலயப் பாரு.”

அவள் வர ஒப்புக்கொண்டதே ராஜகோபாலின் காதில் விழுந்தது, ‘நீ’ விழவில்லை.

வெள்ளிக்கிழமை கூடத்தில் டிவிக்கு எதிரே மேசை போட்டு லேப்டாப் வைத்திருந்தார்கள். அருள் ஜரிகைச் சால்வை ஒன்றை மாமாவின் தோளில் போட்டு, காமிராவுக்குத் தெரியாத இடத்தில் ஆளுயர மாலையோடு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் போடுவதற்கு. திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாளும் ஒரு கண்ணாடிக்காரரும். தேவகி தமிழில் பேசட்டும், சுகாசினி ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தது.

அந்த அம்மாள் முதலில் ராஜகோபாலைக் கேட்டாள், இழைகளை எப்படிக் கட்டினீர்கள் என்று.

ராஜகோபால் காஞ்சியின் பழம்பெருமையிலிருந்து தொடங்கினார். கோயில்கள், பட்டு, பல்லவர் வழியாக ஒருவாறு கேள்விக்கு வந்து, ஆய்வகத்தின் ஒரு ஜன்னலுக்கும் இன்னொரு ஜன்னலுக்கும் நடுவே ஒரு பட்டு இழையைக் கொக்கியில் மாட்டினேன் என்று முடித்தார்.

தேவகி சிரித்துவிட்டாள். அந்த அம்மாள், டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

“சொல்லுமா சுகாசினி. ஒத்த இழையக் கட்டினா அது ஆடறது எவன் கண்ணுக்குத் தெரியும்? எங்க ஸ்கூலுக்கு லேபே கெடையாது. மைதானத்துல தான். புள்ளைங்க வீட்ல தறிக்கு ஆவாத மிச்சப் பாவு எட்தாருவாங்க. இந்தாண்ட ஒரு கம்பு, அந்தாண்ட ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் புள்ளைங்க இஸ்துப் புடிப்பாங்க. நடுவுல காகிதத்தத் துண்டு துண்டா மடிச்சு மாட்டிடுவேன். ஒரு முனைல தட்டினா அலை அந்த முனைக்கு ஓடும். காகிதம் எழும்பி எழும்பி அங்கியே குந்திக்கினு இருக்கும். அலைதான்டா போவுது, நூல் போவல, பாத்துக்கங்கன்னு சொல்வேன். கைய தளத்தினா அலை மெதுவா போவும். இறுக்கினா ஓடும். அத அவங்களே கண்டுபுடிப்பாங்க, நான் சொல்ல மாட்டேன்.”

சுகாசினி சொன்னாள். கண்ணாடிக்காரர் முதல் முறையாக முன்னால் சாய்ந்தார். பேராசிரியர் எப்போது இதைத் தொடங்கினார் என்று கேட்டார்.

“அவரா? எங்க ஸ்கூலு கேட்டு இன்னா கலருன்னு கேளுங்க அவர.”

சுகாசினி அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தாள். ராஜகோபால் சிரித்த முகத்தோடு, காமிராவைப் பார்த்தபடியே, பல்லிடுக்கில் தமிழில் பேசினார்.

“சுகாசினி, பாத்து சொல்லு. உன் தீசிஸ் எங்கிட்டதான் இருக்குது.”

“தெரியும் சார். உங்க கட்டிலுக்கு அடில இருக்குது. போன வாரம் பெருக்கறப்ப பாத்தேன்.”

“சுகா, இன்னாமா நீ, சாருக்கு எதிரா...” என்று மாலையோடு எழுந்தான் அருள்.

“அண்ணா, மாலை காமிராவுல தெரியுது, குந்துங்க.”

பிறகு அவள் தேவகி சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்து, யாரும் கேட்காமல், தன் கணக்கில் ஒன்று சேர்த்தாள். கட்டுரையில் இந்த முறையைப் பேராசிரியர் கண்டுபிடித்ததாகப் போட்டிருக்கும் வருஷத்தில் தான் கல்லூரியில் இருந்ததாகவும், அதற்கு வெகுகாலம் முன்பே, மாகறலில் எட்டாவது படித்தபோது, இந்த டீச்சரின் பாவில் கிழக்குப் பக்கத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தான்தான் என்றும், கை வலித்தது இன்னும் ஞாபகம் இருப்பதாகவும் சொன்னாள்.

அந்த அம்மாள் நன்றி சொன்னாள். ராஜகோபாலும் நன்றி சொன்னார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. திரை கருத்தது. சால்வை அவர் தோளிலிருந்து தானாக நழுவியது.

“கட்னவன குழில தள்ளிட்ட,” என்றார்.

“குழி நீ நோண்டுனது. ஆள் எறக்கினது எந்தம்பி. நான் வெறும் உபசரிப்பு,” என்று சொல்லிவிட்டு தேவகி குக்கர் வைக்கப் போனாள். அருள் மாலையை என்ன செய்வதென்று சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் காலண்டர் முருகனுக்குப் போட்டான். அது காலண்டரையும் தாண்டித் தரை வரை தொங்கியது.

இதழ் அந்தக் கட்டுரையை நீக்கியது. அப்படியானால் என் பெயரில் போடுங்கள் என்று தேவகி சுகாசினியை விட்டு எழுதச் செய்தாள். பதில் மரியாதையாக வந்தது. டீச்சரின் பணி போற்றத்தக்கது. ஆனால் பிள்ளைகளின் பெற்றோரிடம் அப்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை. ஆகவே யார் பெயரிலும் வெளியிட இயலாது. ஆக, ராஜகோபாலின் மொத்தக் கணக்கில் உண்மையாக இருந்த ஒன்று போயிற்று. துத்தநாகமும் தகரமும் மாவட்டங்களும் அப்படியே இருந்தன. அவற்றைப் படித்தவர் ஒருவரும் இல்லாததால் அவற்றில் குற்றம் கண்டவரும் இல்லை. கோமாரிக்காரர்கள் இன்றும் அவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சுகாசினி வேறு வழிகாட்டியிடம் மாறினாள். அவர் ஆய்வேட்டை வாங்கியதும் முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தார்.

ஆனி முடிந்து ராஜகோபால் வீட்டில் உட்கார்ந்தார். முதல் நாள் காலை, கூடத்திலிருந்து காபி என்றார். மறுபடி காபி என்றார். தேவகி குடையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது, “பாலு பிரிட்ஜ்ல இருக்குது, அடுப்பு அங்க இருக்குது. எத்தினி டிகிரில காய்ச்சணும்னு உனக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பழைய ப்ளெக்ஸை அருள் தாமலுக்கு அனுப்பி வேர்க்கடலை மூட்டைகளுக்குப் போர்த்தினான். செவிலிமேடு நிறுத்தத்தில் புது ப்ளெக்ஸ் அவனே கட்டினான். அதே கோபுரம், அதே அணு, அதே சோதனைக் குழாய், அதே ‘மேற்கோள் நாயகரே’. தலை மட்டும் தாளாளர் வீரபாகுவின் மருமகனுடையது. ஆராய்ச்சி டீன் பதவி ஒரு வருஷம் முன்பே அவருக்கென்று முடிவாகியிருந்தது. வெள்ளைக் கோட்டு அவருக்குப் பொருந்தியது. அவர் பல் டாக்டர்.